மூன்று பிரதிகளில் ஓர் ஒப்பாரி

அலோர் காஜாவிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் தாமான் செம்பாக்கா குடியிருப்பில், உள்நாட்டுப் போர் தொடங்கி எட்டு மாதம் ஆன நிலையில், பெரியநாயகி ஒரு திங்கட்கிழமை காலை காலமானார். சாகிறவர் கொஞ்சம் நேரம் காலம் பார்த்துச் செத்திருக்கலாம் என்பது சங்கத்தாருக்கு அவர்மேல் இருந்த முதல் வருத்தம்.

போர் என்றதும் துப்பாக்கி, பீரங்கி என்று யாரும் பயந்துவிட வேண்டாம். சுங்கை பெலியான் தோட்ட முன்னாள் தொழிலாளர் மரண சகாயச் சங்கத்துக்குச் சொத்து என்று இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று பெரிய கூடாரம். மற்றது நூற்றிருபது மடக்கு நாற்காலிகள். தோட்டத்தில் ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டு, சனங்களை இந்தத் தாமானுக்கு அனுப்பிய நாளிலிருந்து, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் இரண்டும் ஒன்றாகவே வந்து இறங்கும். போன வருடம் புதுக் கூடாரம் வந்ததும் தலைவர் தம்புசாமி அதன் நாலு பக்கமும் தன் பெயரை எழுதிவிட்டார். துணைத் தலைவர் பாலகிருஷ்ணன், என் பெயர் எங்கே என்று கேட்டார். தலைவர் பெருந்தன்மைக்காரர். நாற்காலியில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் உட்காரும் பலகைக்கு அடிப்பக்கம், என்றார். நூற்றிருபது பேர் தன் பெயர்மேல் உட்காருவதா என்று கொதித்துப்போன பாலகிருஷ்ணன், அன்று சாயங்காலமே லாரி கொண்டுவந்து நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அத்துடன் தாமான் இரண்டாயிற்று. நடுவில் ஓடும் லோங்காங், இத்தனை காலம் கொசு மட்டும் வளர்த்த சாக்கடை, எல்லைக்கோடாக உயர்வு பெற்றது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சாவு வீட்டில் சனங்கள் நிழலில் நின்றார்கள். அந்தப் பக்கத்துச் சாவு வீட்டில் வெயிலில் உட்கார்ந்தார்கள். லாரியில் நாற்காலி ஏற்றிய அன்று ஒருவருடைய சுண்டு விரல் மடக்கில் மாட்டி நசுங்கியது. போரில் இதுவரை சிந்திய ரத்தம் அவ்வளவுதான். அந்த விரலுக்கு மாதாமாதம் வீர வணக்கக் கூட்டம் நடக்கிறது. விரலுக்கு உரியவரும் வந்து வணங்கிவிட்டுப் போகிறார்.

தம்புசாமி சும்மா இருப்பாரா? வாட்ஸ்அப்பில் டாருராட் அறிவித்துவிட்டார். டாருராட் என்றால் அவசரகாலம். அவசரகால ஆணைகளை எழுதித்தர நகரத்திலிருந்து கனகரட்ணம் அழைத்துவரப்பட்டார். வக்கீல் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பரம்பரை, சுத்தமான தமிழ். அவர் பேசினால் பாதி புரியாது, புரிந்த பாதி பயமாயிருக்கும். சட்ட ஆலோசகருக்கு இதைவிட வேறு தகுதி வேண்டியதில்லை என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது.

இந்தச் சங்கத்திடம்தான் மருதமுத்து தன் அக்காளின் சாவைப் பதியப் போனார்.

மருதமுத்து ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் காவல்காரர். வருகிற காடி, லாரிக்கு எல்லாம் கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தே இருபது வருடத்தை ஓட்டியவர். சண்டை சச்சரவு என்றால் ஆகாது. தாய் தகப்பன் இல்லாத அவரைப் பால்மரம் வெட்டி வளர்த்தவர் அக்கா பெரியநாயகி. கடைசி வாரத்தில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

“எனக்கு ராஜம்மாதான்டா அழணும். வேற எவளும் வாயத் தொறக்கக் கூடாது. அவ அழுதா எனக்குக் கேக்கும்.”

ராஜம்மாவும் பெரியநாயகியும் இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவர்கள். ராஜம்மா ஒப்பாரி வைத்தால் செத்தவரை முன்பின் தெரியாதவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒரே ஒரு தொல்லை. ராஜம்மா வீடு லோங்காங்குக்கு அந்தப் பக்கம். நாற்காலி மண்டலம். மருதமுத்து வீடு இந்தப் பக்கம். கூடார மண்டலம். மின்சுடலையில் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்குள் ராஜம்மா லோங்காங்கைத் தாண்டியாக வேண்டும்.

சங்க அலுவலகத்தில் கனகரட்ணம் ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். பெயர், வயது, அடையாள அட்டை எண் எல்லாம் எழுதிக்கொண்டு வந்த மருதமுத்து ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டார். ‘இறந்தவர் எந்தப் பக்கம்?’

“ஐயா, இது என்னா கேள்வி? அக்கா எப்பவும் வலது பக்கமாத்தான் படுப்பாங்க.”

“படுக்கையைப் பற்றியதல்ல வினா. விசுவாசத்தைப் பற்றியது.”

“அவங்க ரெண்டு பக்கமும் போயி வந்து இருந்தாங்க ஐயா. போன மாசம் வரைக்கும் அந்தப் பக்கம் போயி ராஜம்மாக்காகூட கோப்பி குடிச்சாங்க.”

தம்புசாமியும் கனகரட்ணமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகரட்ணம் தனியாக ஒரு தாளில் ‘கோப்பி’ என்று குறித்துக்கொண்டார்.

“நடுவுலன்னு எழுதிடவா?” என்றார் மருதமுத்து.

“நடுவில் ஓடுவது லோங்காங். இறந்தவர் லோங்காங்கில் வசித்தாரா?”

மருதமுத்து அந்த இடத்தை வெறுமையாக விட்டார். அடுத்தது கூட்ட அனுமதி. ஆணை நான்கின்படி ஓரிடத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது. அதில் செத்தவர் சேர்த்தியா என்று கேட்டது மருதமுத்து செய்த தப்பு. கனகரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஒரு கூட்டத்திற்குக் காரணமானவர் அக்கூட்டத்தின் அங்கத்தவரே. ஆகவே ஒன்பது பேர் வரலாம். இறந்தவர் புறப்பட்டதும் ஓர் இடம் காலியாகும். அப்போது இன்னொருவர் வந்து துக்கம் விசாரிக்கத் தடையில்லை.”

“சரிங்க ஐயா. அந்த ஒம்பதுல ராஜம்மாக்கா ஒருத்தங்க. ஒப்பாரி அவங்கதான்.”

தம்புசாமி நாற்காலியில் இருந்திருந்தால் எழுந்திருப்பார். நாற்காலி இல்லாத அலுவலகம் என்பதால் நின்றபடியே நிமிர்ந்தார். காரணம் உண்டு. போர் தொடங்கியபின் நடந்த முதல் சாவில், ராஜம்மா ‘நாலு பக்கம் பேரிருக்கு, நடுவுல ஓட்ட இருக்கு’ என்று ஒரு வரி போட்டுவிட்டார். கூடாரத்தில் உண்மையிலேயே ஓட்டை இருந்தது. சனம் எல்லாம் அண்ணாந்து பார்த்தது. அன்றே ஒப்பாரி என்பது பொதுச் சொற்பொழிவு என்று ஆணை பிறந்தது. மூன்று பிரதி எழுதிக்கொடுத்து முன் அனுமதி வாங்காமல் யாரும் மாரடித்து அழக்கூடாது.

“மருது, நான் ஒப்பாரிக்கு எதிரி இல்லலா,” என்றார் தம்புசாமி. “மக்கள் நல்லா அழணும். மனசு விட்டு அழணும். என்னா சொல்லி அழணும்னு மட்டும் நாங்க சொல்லிடுறோம். உனக்கு அந்தச் செரமம் எதுக்கு?”

கனகரட்ணம் தொண்டையைச் செருமினார். “உரிமைகளை நாங்கள் பறித்துவிட்டோம் என்று அவதூறு பரப்புகிறார்கள். அபத்தம். உரிமைகள் விலைமதிப்பற்றவை. போர்க்காலத்தில் விலைமதிப்பற்ற பொருளை வெளியே வைப்பார்களா? பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். இன்னொன்று. அதிகாரமும் உரிமையும் ஒரு தராசின் இரு தட்டுகள். இரண்டையும் சமமாகப் பிடிப்பது மிகக் கடினம். உரிமைத் தட்டைக் கழற்றி வைத்துவிட்டால் தராசு ஆடவே ஆடாது. இதைத்தான் சமநிலை என்கிறோம்.”

மருதமுத்துவுக்குப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. அக்கா வீட்டில் கிடக்கும்போது வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார். வெளியே வந்து ராஜம்மாவுக்குப் போன் போட்டு, ஒப்பாரியை எழுதிக்கொடுக்க வேண்டுமாம் என்றார்.

“என்னா தம்பி பேசுற? என்னா வரும்னு அழுவும்போதுதானே தெரியும்?” என்ற ராஜம்மா கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு, “சரி, எழுதிக்க. அவளுக்காகத்தான்” என்று நாலு வரி சொன்னார்.

கனகரட்ணம் சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் வரி, ‘ராசாத்தி போனியே, ராச்சியமே இருண்டிருச்சே.’ கூடாரத்துக்குள் ஒரு விளக்கு பழுதாகியிருப்பதை இது மறைமுகமாகச் சுட்டுகிறது என்று அடித்தார். இரண்டாவது வரி, ‘கேக்காம வந்தானே, கேள்வியின்றிக் கொண்டுபோனான் எமன்.’ தம்புசாமி எட்டிப் பார்த்தார். “எமன்னு யாரச் சொல்றா?” என்று கேட்டார். அதுவும் போயிற்று. மூன்றாவது, நாலாவது வரிகளில் ‘கூட்டுக்குள்ள கிளி’ இருந்தது, ‘பறந்து போயிட்டியே’ என்றும் இருந்தது. அனுமதியின்றி வெளியேறுதல் என்று அவற்றின்மேலும் கோடு விழுந்தது. மிஞ்சியது நாலு வரிக்கும் முன்னால் நின்ற ‘ஐயோ’ மட்டும்தான்.

ஐயோ என்பது கருத்தா, ஓசையா என்று முக்கால் மணி நேரம் ஆராய்ச்சி நடந்தது. கருத்து என்றால் தடை செய்ய வேண்டும். அதைத் தடை செய்தால் தும்மலையும் விக்கலையும் தடை செய்ய வேண்டிவரும் என்று கனகரட்ணமே கவலைப்பட்டார். கடைசியில், ‘ஐயோ என்பது பொருளற்ற ஒலி. ஆகவே எங்கும், எத்தனை தடவையும் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். போர் தொடங்கிய நாள் முதல் சங்கம் வழங்கிய முதல் சுதந்திரம் அது. மருதமுத்து நன்றி சொன்னார்.

மீதி ஒப்பாரியைக் கனகரட்ணமே இயற்றினார். ‘திருமதி பெரியநாயகி அவர்கள் காலமானார். இதற்கு எவரும் பொறுப்பல்லர். இவ்வொப்பாரியை அனுமதித்தவர் மாண்புமிகு தலைவர் தம்புசாமி அவர்கள்.’ அடியில், ஓர் எழுத்தும் விடாமல் முழுவதும் பாடப்பட வேண்டும் என்று ஒரு குறிப்பு. அதன்மேல் முத்திரை.

தாளை எடுத்துக்கொண்டு மருதமுத்து லோங்காங்கைத் தாண்டினார். அந்தப் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் பாலகிருஷ்ணனின் அலுவலகம். வாசலில் ‘சுதந்திர மண்டலம்’ என்று பெரிய பதாகை. பார்த்ததும் மருதமுத்துவுக்கு மூச்சே லேசாக வந்தது.

“வாங்கண்ணே, ஒக்காருங்க,” என்றார் பாலகிருஷ்ணன். “அங்க டாருராட். இங்க முழு சுதந்திரம். யாரும் யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்க. மொதல்ல இந்த இருவத்தாறு கேள்விக்கும் பதில் எழுதிடுங்க.”

“நான் நிக்கிறேன் தம்பி. அவசரமா போவணும்.”

“ஒக்காருங்கண்ணே. இங்க நிக்கக் கூடாது. நின்னா கூடாரத்து ஆளுன்னு அர்த்தமாயிரும்.”

மருதமுத்து உட்கார்ந்து, ராஜம்மாவை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

“தாராளமா. அவங்க எங்க வேணா போவலாம். சுதந்திரம்தானே நம்ம கொள்கை? ஆனா எல்லையத் தாண்டிட்டா எங்கள விட்டுட்டுப் போனதா ஆயிரும். அதனால அவங்க சொந்த விருப்பத்துல இங்கயே இருக்கறதா முடிவு பண்ணியிருக்காங்க. அவங்ககிட்ட இன்னும் சொல்லல.”

மருதமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா ஐஸ் பெட்டியில் கிடப்பதைச் சொன்னார். கடைசியாகக் கேட்டது இது ஒன்றுதான் என்றார். பாலகிருஷ்ணன் கல்நெஞ்சக்காரர் அல்ல. தாளை வாங்கிப் படித்தார். தம்புசாமி என்ற பெயரைக் கண்டதும் முகம் மாறியது.

“அவன் பேரு ஒருவாட்டி வருது. என் பேரு ரெண்டுவாட்டி வந்தா அனுப்புறேன். ராஜம்மா எங்க மண்டலத்துச் சொத்து.”

‘அழுவதற்குச் சுதந்திரமளித்தவர் புரட்சித் தலைவர் பாலகிருஷ்ணன்’ என்று இரண்டு இடத்தில் எழுதிச் சேர்த்து அவரும் முத்திரை குத்தினார். தாள் இந்தப் பக்கம் வந்தது. தம்புசாமி தன் பெயரை மூன்றாக்கினார். தாள் அந்தப் பக்கம் போனது. பாலகிருஷ்ணன் நாலாக்கினார். செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணி வரைக்கும் மருதமுத்து பதினோரு தடவை லோங்காங்கைத் தாண்டினார். பன்னிரண்டாவது தடவை ஒரு கால் உள்ளே போய்விட்டது. ஒரு செருப்பு நடுநிலைப் பிரதேசத்தில் காணாமல் போனது. முடிவில் இரண்டு தலைவர்களும் தலைக்கு ஆறு தடவை என்று சமாதானம் ஆனார்கள். நடுவில் எங்கோ பெரியநாயகி ஒரே ஒரு தடவை இருந்தார்.

ஒற்றைச் செருப்போடு வந்து நின்ற மருதமுத்துவிடமிருந்து ராஜம்மா தாளை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இத அப்படியே பாடணுமா தம்பி?”

“ஒரு எழுத்து விடக்கூடாதாம்க்கா.”

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களா?”

“முத்திரையும் இருக்கு.”

“ஐயோ போட்டுக்கலாமா?”

“அதுக்கு மட்டும் கணக்கே இல்லையாம். எங்க வேணா போட்டுக்கலாமாம்.”

ராஜம்மா தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். “அப்ப சரி. சட்டம்னா சட்டம்தானே?” என்றார்.

இரண்டு மணிக்கு மருதமுத்து வீட்டு வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள், பெரியநாயகியையும் சேர்த்து. பத்துப் பேருக்கு மேல் கூடவில்லை என்பதைக் கண்காணிக்கக் கூடாரத் தரப்பிலிருந்து இருபது பேரும், அவர்களைக் கண்காணிக்க நாற்காலித் தரப்பிலிருந்து இருபது பேரும் வந்தார்கள். தன் ஆட்கள் வெயிலில் நிற்கக்கூடாது என்று தம்புசாமி கூடாரத்தை அனுப்பினார். தன் ஆட்கள் நிற்கவே கூடாது என்று பாலகிருஷ்ணன் நாற்காலிகளை அனுப்பினார். வாசல் சின்னது. வேறு வழியில்லாமல் நாற்காலிகளைக் கூடாரத்துக்குக் கீழேதான் போட வேண்டியிருந்தது. இரண்டு தலைவர்களும் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். தம்புசாமியின் மனைவி மீனம்மா பெண்களோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை வீட்டில் சொல்லும் பழக்கம் தம்புசாமிக்கு இல்லை.

ராஜம்மா வந்தார். தோழியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூந்தலை அவிழ்த்துவிட்டு, தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

“ஐயோ… மாண்புமிகு தலைவரே… ஐயோ… தம்புசாமி ஐயாவே…”

பெண்களுக்கு ஒப்பாரியில் பழக்கம் ஒன்று உண்டு. பெயர் சொல்லி இழுத்தால் கை தானாக மாரில் விழும். இருபது கை விழுந்தது.

“ஐயோ… அனுமதித்த ராசாவே… ஐயோ… தம்புசாமி ஐயாவே…”

‘ராசா’ தாளில் இல்லையே என்று கனகரட்ணம் எழுந்தார். கூடவே, ராகத்தில் வருவது ஓசைதானா என்ற சட்டச் சிக்கல் அவருக்குத் தோன்றிவிட்டது. ஆணைப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். மூன்றாவது தம்புசாமிக்கு மீனம்மாவே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, “என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே” என்று குரலெடுத்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள். தம்புசாமி ஓசைப்படாமல் தன் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும். அவர் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறார்.

பாலகிருஷ்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐயோ… புரட்சித் தலைவரே… ஐயோ… பாலகிருஷ்ண தொரையே…” என்று வந்ததும் சிரிப்பு நின்றது. இன்னும் ஐந்து இருந்தது. தாளில் அவருடைய முத்திரையே இருந்தது. தடுத்தால் சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்ததாக ஆகும். தடுக்காவிட்டால் ஆறு தடவை சாக வேண்டும்.

“போதும், நிறுத்து” என்றார் தம்புசாமி.

“நிறுத்த முடியாதே தலைவரே,” என்றார் கனகரட்ணம், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஓர் எழுத்தும் விடாமல் என்று நாமே எழுதியிருக்கிறோம்.”

அதற்குள் மீனம்மாவுக்குச் சுயநினைவு வந்து, புருஷன் நிற்பதைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்தார். “வாங்க வீட்டுக்கு. தலையில தண்ணி ஊத்தி, திருஷ்டி கழிச்சாத்தான் ஆச்சு.” மாண்புமிகு தலைவர் ஒரு கையில் வேட்டியும் மறு கையில் மனைவியுமாகப் போனார். பாலகிருஷ்ணன் லோங்காங்கை ஒரே தாவலில் தாண்டி, நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தலைவர்கள் இல்லாத இடத்தில் கண்காணிப்பதா கூடாதா என்று கனகரட்ணத்துக்குத் தெரியவில்லை. அவர் நகரத்துக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

கண்காணிக்க வந்த நாற்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு சனங்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒரு தடவை மேலேயும் ஒரு தடவை கீழேயும் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜம்மா தாளை நாலாக மடித்து ஓரமாக வைத்தார். பெரியநாயகியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது வந்த குரல் வேறு.

“பக்கத்து நெரையில பால் வெட்ட வந்தவளே
பாதி மரத்துலயே கத்தியப் போட்டியேடி
என் வாளி நெறஞ்சிருக்கு, உன் வாளி கவுந்திருக்கு
யாரக் கூப்பிட்டுக் காட்டுவேன்டி நான்…”

மருதமுத்து இரண்டு நாளாக அழவில்லை. பாரம் நிரப்பவும் சாக்கடை தாண்டவுமே நேரம் சரியாயிருந்தது. இப்போது வாசல்படியில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டிருக்கும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மூன்றரை மணிக்கு மின்சுடலைக்கு வண்டி புறப்பட்டபோது ராஜம்மா முன்னால் உட்கார்ந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடாரச் சங்கத்தின் அவசரச் செயற்குழு கூடியது. தலைவர் தம்புசாமி உயிருடன் இருக்கிறார் என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டது. ஏழு பேர் ஆதரித்தார்கள், இருவர் நடுநிலை வகித்தார்கள். நடுநிலைக்குப் பாரத்தில் இடமில்லை என்பதால் அந்த இருவர்மீதும் விசாரணை நடக்கிறது. நாற்காலிச் சங்கம் அப்படி எதுவும் செய்யவில்லை. அங்கே பாலகிருஷ்ணன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று நம்பும் முழுச் சுதந்திரம் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டிருக்கிறது.

மருதமுத்துவுக்கு ஒரு கடிதம் வந்தது. பாரத்தில் ஏழாவது கேள்வி நிரப்பப்படாததால், பெரியநாயகியின் மரணத்தைச் சங்கம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏழு நாளுக்குள் நிரப்பி அனுப்பவும். கூடவே அந்தப் பாரத்தின் நகலும் இருந்தது. ‘இறந்தவர் எந்தப் பக்கம்?’

மருதமுத்து பேனாவை எடுத்து எழுதினார். ‘ராஜம்மாவுக்குப் பக்கத்து நிரை.’